மார்பான் நோய்: சிதறிய குறிகள் ஒன்றான வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நோய், அந்நோய்க்கு ஒரு பெயர், அப்பெயருக்குரிய மருத்துவர், அவர் அதனை விவரித்த ஆண்டு என்னும் நான்கையும் தந்தவுடன் பாடநூல்கள் அடுத்த நோய்க்குச் சென்றுவிடுகின்றன. ஆயின் சில நோய்களைப் பொறுத்தவரை இம்முறை உண்மையை விளக்குவதற்கு மாறாக மறைத்துவிடுகின்றது. அவற்றிற் கடினமாயிருந்தது நோய்க்குறியைக் காண்பதன்று. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துறையினராற் காணப்பட்ட குறிகள் யாவும் ஒரே நோயின் குறிகள் என உணர்வதேயாகும். மார்பான் நோய் எனப்படும் பரம்பரைத் தொடுப்பிழைய நோயின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

தொடுப்பிழையம் என்பது உடலின் உறுப்புக்களைப் பிணைத்தும் தாங்கியும் நிற்கும் இழையமாகும். என்பு, கசியிழையம், தசைநாண், தோல், குருதிக் குழாய்களின் சுவர், கண்வில்லையைத் தாங்கும் நுண்ணிய நார்கள் ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. எனவே அதன் ஆக்கப்பொருளொன்றிற் பிறவியிலேயே குறையிருப்பின், அக்குறை ஓர் உறுப்போடு நில்லாது பல உறுப்புக்களில் வெளிப்படும். மார்பான் நோயுடையோர் பெரும்பாலும் நெடிய மெலிந்த உடலும் நீண்ட கைகால்களும் விரல்களும் உடையோராயிருப்பர். முள்ளந்தண்டு வளைதல், மார்பென்பு உட்குழிதல் அல்லது முன்தள்ளல், மூட்டுக்கள் தளர்ந்திருத்தல் என்பனவும் காணப்படும். பலருக்குக் கண்வில்லை தன்னிடத்தினின்றும் விலகியிருக்கும். இவையனைத்தினும் கொடியது, இதயத்தினின்றும் புறப்படும் பெருநாடியின் அடிப்பகுதி சிறிது சிறிதாக விரிவடைதலாகும். அவ்விரிவு பெரும்பாலும் நோவின்றியே வளர்ந்து, ஒருநாட் சுவரின் படைகள் பிளந்து, சில மணி நேரத்தில் உயிரைக் கவர்ந்துவிடக்கூடும். ஏறத்தாழ 5000 பேருக்கு ஒருவர் இந்நோயுடையோர் என மதிப்பிடப்படுகின்றது. எல்லா இனத்தாரிடையேயும், ஆண் பெண் இருபாலாரிடையேயும் இது உண்டு. இந்நோய் பற்றிய அறிவு எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அதற்கு ஏன் நெடுங்காலம் சென்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிசில் ஒரு சிறுமி

அன்ரொயின் மார்பான் 1858 ஆம் ஆண்டு தென் பிரான்சிலுள்ள கஸ்ரல்நோடறி என்னும் ஊரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். துலூசிலும் பின்னர் பரிசிலும் மருத்துவம் பயின்றார். குழந்தை மருத்துவம் ஒரு தனித்துறையாக உருப்பெற்று வந்த காலம் அது. குழந்தைகளின் உணவு, காசநோய், தொண்டைக்கரப்பன் முதலியன பற்றி ஆராய்ந்து அத்துறையைப் பிரான்சில் நிலைநிறுத்தியோருள் மார்பானும் ஒருவராவார். 1942 ஆம் ஆண்டு அவர் காலமானார். அவரது வாழ்நாட் பணிகளுடன் ஒப்பிடின், இன்று அவர் பெயரை நிலைக்கச் செய்துள்ள கட்டுரை மிகச் சிறியதொன்றேயாகும்.

1896 ஆம் ஆண்டு பரிஸ் வைத்தியசாலைகளின் மருத்துவச் சங்கத்தில் அவர் ஐந்தரை வயதுச் சிறுமியொருத்தியைப் பற்றி எடுத்துரைத்தார். மருத்துவ நூல்கள் அவளைக் கப்ரியேல் என்னும் பெயராற் குறிப்பிடுகின்றன. அவளுடைய கைகால்கள் நான்கும், சிறப்பாக அவற்றின் நுனிப்பகுதிகள், இயல்புக்கு மீறி நீண்டும் மெலிந்தும் இருந்தன. விரல்கள் சிலந்தியின் கால்களை நினைவூட்டின. விரல்களும் முழங்கால்களும் முற்றாக நீட்ட முடியாதவாறு மடங்கி இறுகியிருந்தன. இந்நிலைக்கு மார்பான் கிரேக்க மொழிச் சொற்களைக் கொண்டு ‘நீண்டு மெலிந்த அவயவ நிலை’ எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார்.

மார்பான் கூறியவற்றைப் போலவே கூறாதவையும் இவ்விடத்தில் நோக்கற்பாலன. சிறுமியின் கண்வில்லை விலகியிருந்ததாக அவர் கூறவில்லை. இதயத்திற் குறையிருந்ததாகவும் கூறவில்லை. இது பரம்பரையாக வருவது என்னும் கருத்தும் அங்கில்லை. மெண்டலின் விதிகள் அறிவுலகின் கவனத்திற்கு மீண்டும் வந்ததே 1900 ஆம் ஆண்டிலாகும். ஆகவே மார்பான் கண்டது என்புகளின் தோற்றத்தில் ஒரு வேறுபாட்டை மாத்திரமே.

1902 ஆம் ஆண்டில் மேரி, பபோனெக்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் அச்சிறுமியை மீண்டும் ஆராய்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் எக்ஸ் கதிர் மருத்துவத்திற் புகுந்துவிட்டமையால் அவளது என்புகளைப் படமாகவே காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அஷார் என்பவர் வேறொரு சிறுமியை விவரித்து, ‘சிலந்தி விரல்’ எனப் பொருள்படும் சொல்லை உருவாக்கினார். மார்பானின் சொல் வழக்கொழிய, அஷாரின் சொல் நிலைத்தது. ஆயின் அச்சொல்லும் விரல்களையே சுட்டி நின்றது. நோயின் மையம் விரல்களில் இல்லை என்பதை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

பலர் கண்ட பகுதிகள்

மார்பானுக்கு முன்னரே இந்நோயைக் கண்டவர்கள் இருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1876 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாற்றி நகரைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்னும் கண் மருத்துவர், கண்வில்லை விலகியிருந்த ஒரு சகோதரனையும் சகோதரியையும் பற்றி எழுதினார். இருவரும் மிக உயரமானவர்கள் என்பதையும், அவர்களது மூட்டுக்கள் தளர்ந்திருந்தன என்பதையும் அவர் கவனித்திருந்தார். கண், என்பு, உடன்பிறப்பு என்னும் மூன்றும் அவர் குறிப்பில் ஒருங்கே இடம்பெற்றிருந்தன. எனினும் கண் மருத்துவர்களின் ஏட்டில் வெளியான அக்குறிப்பு பிறதுறையினரைச் சென்றடையவில்லை. முதலிற் கண்டவருக்குப் பெயர் கிடைக்கவில்லை; ஒரு பகுதியைக் கண்டவருக்குக் கிடைத்தது.

1914 ஆம் ஆண்டில் பெர்கர் என்பவர் நீண்ட விரல்களையும் விலகிய கண்வில்லையையும் தொடர்புபடுத்தினார். 1931 ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் உத்ரெக்ற் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் வேவ், இந்நிலை ஆட்சியுடைய பரம்பரைப் பண்பாகத் தலைமுறை தோறும் கடத்தப்படுகின்றது எனக் காட்டினார். தாய் அல்லது தந்தை ஆகிய இருவருள் ஒருவரிடம் நோயிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு அரைப்பங்கு என்பதே இதன் பொருளாகும். முளையத்தின் இடைப்படையிலிருந்து தோன்றும் இழையங்களின் குறையாக இதனைக் கருதிய வேவ், அதற்கு மார்பானின் பெயரையும் இணைத்தார். இவ்வாறு, மார்பான் தன் கட்டுரையைப் படித்து முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், அவர் கண்டிராத பல குறிகளையும் உள்ளடக்கிய ஒரு நோய் அவரது பெயரைப் பெற்றது.

அப்பொழுதும் பெருநாடி இவ்வரலாற்றினுள் வரவில்லை. 1943 ஆம் ஆண்டில் இரு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று பேயர், ரௌசிக், ஒப்பன்ஹைமர் ஆகியோர் எழுதியது. நீண்ட விரலுடையோரிடம் பெருநாடி விரிவடைந்திருந்ததை அது எடுத்துக்காட்டிற்று. மற்றையது எற்றர், குளோவர் ஆகியோர் எழுதியது. நீண்ட விரலும் விலகிய கண்வில்லையும் உடைய ஒருவர் பெருநாடி பிளந்து வெடித்தமையால் இறந்ததை அது விவரித்தது. உயிரைப் போக்கும் குறியே இறுதியாகக் கண்டறியப்பட்டது என்பது இவ்வரலாற்றின் துயரமான உண்மையாகும்.

இத்தாமதத்திற்குக் காரணம் யாது? மருத்துவர்களின் திறமைக்குறைவு எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. முதற் காரணம் துறைப்பிரிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் உறுப்புக்களின்படி துறைகளாகப் பிரிந்தது. பார்வை குன்றியவன் கண் மருத்துவரிடமும், முதுகு வளைந்தவன் என்பு மருத்துவரிடமும் சென்றான். ஒவ்வொருவரும் தத்தம் துறை ஏட்டிலேயே எழுதினர். இரண்டாவது காரணம், பெருநாடி வெளியே தெரியாத உறுப்பு என்பதாகும். உயிருடன் இருப்பவரிடம் அதன் அகலத்தைச் செவ்வையாக அளக்கும் கருவி அன்று இல்லை. பிரேத பரிசோதனையே பெரும்பாலும் அதனை வெளிப்படுத்திற்று. மூன்றாவது காரணம், ஒரே குடும்பத்தவரிடையேயும் இந்நோய் ஒரே வடிவில் தோன்றுவதில்லை என்பதாகும். தந்தை நடுவயதில் திடீரென மாண்டிருப்பார். மகனுக்குக் கண்பார்வை குறைந்திருக்கும். மகளுக்கு முள்ளந்தண்டு வளைந்திருக்கும். இவை மூன்றும் மூன்று துன்பங்களாகவே அக்குடும்பத்தாலும் மருத்துவராலும் எண்ணப்பட்டிருக்கும். உடலை ஒன்றாகப் பிணைக்கும் இழையத்தைப் பற்றிய அறிவு, பிணைப்பற்ற துறைகளிடையே சிதறிக் கிடந்தது.

குடும்பம் என்னும் சான்று

இச்சிதறலை ஒன்றாக்கியவர் விக்டர் மக்கியூசிக் ஆவார். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திற் பிறந்து, பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அவர் முதலில் இதய மருத்துவராகவே விளங்கினார். இதயக் குறையுடன் வந்த நோயாளருட் சிலர் நெடிய மெலிந்த தோற்றத்தினராய் இருந்தமை அவரது கவனத்தை ஈர்த்தது. அவர் நோயாளரோடு நின்றுவிடாது அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரையும் ஆராய்ந்தார். தனியொரு நோயாளரிடம் ஒன்றாகத் தோன்றாத குறிகள், குடும்பம் முழுவதையும் ஒருங்கே நோக்கியபோது ஒன்றாகத் தோன்றின. ஆராய்ச்சியின் அலகு நோயாளர் என்பதிலிருந்து குடும்பம் என்பதற்கு மாறியமையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

1955 ஆம் ஆண்டில் இந்நோயின் இதய, பெருநாடிக் குறைகள் பற்றிய அவரது கட்டுரை வெளியாயிற்று. 1956 இல் பரம்பரைத் தொடுப்பிழைய நோய்கள் என்னும் பொருள்பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அந்நூலின் பெயரே ஒரு புதிய கருத்தாக அமைந்தது. மார்பான் நோய், தோலும் மூட்டும் தளர்ந்த ஏலர்ஸ் டன்லொஸ் நோய், என்பு எளிதில் முறியும் நோய் முதலியன தனித்தனி வியப்புக்களாக இருந்த நிலைமாறி, ஒரே வகை இழையத்தின் வெவ்வேறு குறைகளாக வகுக்கப்பட்டன. ஒரு பரம்பரைக் குறையிலிருந்து பல உறுப்புக்களின் நோய்க்குறிகள் தோன்றுதல் இயலும் என்னும் மெண்டலிய நோக்கு இவ்வகுப்பிற்கு அடிப்படையாயிற்று.

அதனோடு மக்கியூசிக் ஒரு வினாவையும் எழுப்பினார். கண்வில்லையைத் தாங்கும் நார்களுக்கும் பெருநாடியின் நடுப்படைக்கும் பொதுவாக இருப்பது யாது? அதனை அறிந்தால் இந்நோயின் அடிப்படையை அறிந்துவிடலாம் என்பது அவரது கருத்தாகும். அன்று அதற்கு விடைகூற எவராலும் இயலவில்லை. எனினும் ஆய்வு செல்லவேண்டிய திசையை அவ்வினா காட்டி நின்றது.

நோயின் கொடுமை எத்தகையது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியதும் இக்குழுவினரே. 1972 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று 257 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்தது. இறந்தோரின் சராசரி வயது 32 என அது கண்டது. இறப்பின் காரணம் அறியப்பட்டோருட் பெரும்பாலோர் இதயம், பெருநாடி ஆகியவற்றின் குறையாலேயே இறந்திருந்தனர். விரல்களின் நீளத்தைக் கொண்டு பெயரிடப்பட்ட நோய், உண்மையிற் பெருநாடியின் நோய் என்பது இவ்வெண்களால் ஐயத்திற்கு இடமின்றி உறுதியாயிற்று.

வினாவும் விடையும்

மக்கியூசிக்கின் வினாவுக்கு விடை தேடியோர் முதலிற் கொலாஜன் என்னும் புரதத்தை நாடினர். தொடுப்பிழையத்தின் மிகுதியான புரதம் அதுவேயாகையால் அத்தேடல் இயல்பானதே. என்பு முறியும் நோயின் காரணம் கொலாஜனில் உள்ளதெனக் கண்டறியப்பட்டமையும் அந்நம்பிக்கையை வளர்த்தது. ஆயின் மார்பான் நோயைப் பொறுத்தவரை அவ்வழி விடைதரவில்லை.

விடை வேறொரு வழியில் வந்தது. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லின் சக்காய், டக்ளஸ் கீன், ஈவா எங்வல் ஆகிய மூவர், தொடுப்பிழையத்தின் மிக நுண்ணிய நார்களில் அமைந்துள்ள பெரிய புரதமொன்றைப் பிரித்தறிந்து அதற்கு பைபிரிலின் எனப் பெயரிட்டனர். குறித்த புரதத்தையே சென்று பற்றும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு, அது உடலில் எங்கெங்கு உள்ளது என அவர்கள் கண்டறிந்தனர். கண்வில்லையைத் தாங்கும் நார்கள் பெரும்பாலும் இப்புரதத்தாலான நுண்ணார்களாலேயே ஆனவை. பெருநாடியின் நடுப்படையிலோ மீள்தன்மை தரும் எலாஸ்றின் என்னும் பொருள் இந்நுண்ணார்களைச் சாரமாகக் கொண்டே ஒழுங்குபட அமைகின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த வினாவின் விடை இதுவாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

1990 ஆம் ஆண்டில் இரு சான்றுகள் கிடைத்தன. நோயாளரின் தோலிலும் வளர்ப்புக் கலங்களிலும் பைபிரிலின் குறைவாயுள்ளது என ஒரு குழுவினர் காட்டினர். நோயுடைய குடும்பங்களை ஆராய்ந்த பின்லாந்து ஆய்வாளர், நோய்க்குரிய பரம்பரையலகு 15 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதெனக் கண்டனர். 1991 ஆம் ஆண்டில் ஹரி டீற்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், பைபிரிலினை ஆக்கும் பரம்பரையலகு அந்நிறமூர்த்தத்திலேயே உள்ளதையும், ஒருவருக்கொருவர் உறவில்லாத இரு நோயாளரிடம் அப்பரம்பரையலகில் ஒரே விகாரம் புதிதாகத் தோன்றியிருந்ததையும் வெளியிட்டனர். நோயாளருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் நோயற்ற பெற்றோருக்குப் பிறந்தோராயிருப்பதன் காரணமும் இதனால் விளங்கிற்று. அவர்களிடம் விகாரம் புதிதாகத் தோன்றுகின்றது. அவர்களிலிருந்தே குடும்பத்தின் நோய் வரலாறு தொடங்குகின்றது.

இவ்வறிவு பின்னோக்கியும் ஒளி வீசிற்று. 1971 ஆம் ஆண்டில் பீல்ஸ், ஹெக்ற் என்னும் இருவர், நீண்ட விரல்களோடு மூட்டுக்கள் இறுகியிருக்கும் நிலை மார்பான் நோயினின்றும் வேறானது எனப் பிரித்துக் காட்டியிருந்தனர். 1991 ஆம் ஆண்டில் அந்நிலை, 5 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள மற்றொரு பைபிரிலின் பரம்பரையலகோடு தொடர்புடையது எனத் தெரியவந்தது. கப்ரியேல் என்னும் அச்சிறுமியின் விரல்களும் முழங்கால்களும் தளர்ந்திருக்கவில்லை, இறுகியிருந்தன. எனவே மார்பான் விவரித்த சிறுமிக்கு இருந்தது மார்பான் நோயன்று, பீல்ஸ், ஹெக்ற் பிரித்துக் காட்டிய நோயே என்று பல அறிஞர்கள் இன்று கருதுகின்றனர். அக்கருத்துச் சரியாயின், ஒரு நோய்க்கு அதனைக் கண்டிராத ஒருவரின் பெயர் வழங்கி வருகின்றது என்றே கொள்ளவேண்டும்.

அறிவும் ஆயுளும்

ஒரு நோயின் காரணத்தை அறிதலும் அந்நோயினின்றும் உயிரைக் காத்தலும் ஒன்றல்ல. மார்பான் நோயைப் பொறுத்தவரை காரணம் அறியப்படுமுன்னரே காக்கும் வழி பிறந்துவிட்டது. 1968 ஆம் ஆண்டில் இலண்டனில் ஹியூ பென்டால், அன்ரனி டி போனோ ஆகிய இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், விரிவடைந்த பெருநாடியின் அடிப்பகுதியையும் அதன் வால்வையும் அகற்றி, செயற்கை வால்வு பொருத்திய செயற்கைக் குழாயை அவ்விடத்தில் அமைக்கும் முறையை வெளியிட்டனர். மிகையொலி அலைகளைக் கொண்டு இதயத்தையும் பெருநாடியையும் படமெடுக்கும் முறை அதன்பின் பரவிற்று. பிரேத பரிசோதனையில் மாத்திரம் காணமுடிந்த விரிவை உயிருடன் இருப்பவரிடம், நோவின்றி, ஆண்டுதோறும் அளக்க முடிந்தது. பிளவு நேர்ந்த பின்னர் அவசரமாகச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை, பிளவு நேருமுன்னரே திட்டமிட்டுச் செய்யப்படுவதாயிற்று. பெருநாடிச் சுவரின் மீது குருதி மோதும் விசையைத் தணிக்கும் புறோப்ரனலோல் என்னும் மருந்து விரிவின் வேகத்தைக் குறைக்கின்றது என 1994 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று.

இவற்றின் பயனை 1995 ஆம் ஆண்டின் ஆய்வொன்று கணக்கிட்டது. நோயாளருள் அரைப்பங்கினர் உயிருடன் இருப்பர் என எதிர்பார்க்கக்கூடிய வயது 1972 இல் 48 ஆக இருந்தது; அது 72 ஆக உயர்ந்திருந்தது. ஒரு தலைமுறைக் காலத்துள் இருபத்துநான்கு ஆண்டுகள் கூடியமை மருத்துவ வரலாற்றில் எளிதிற் காணக்கூடியதன்று.

ஆயின் இப்பயன் நோய் இனங்காணப்பட்டோருக்கே உரியது. அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை புளோ ஹைமன் 1984 ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர். 6 அடி 5 அங்குல உயரம் அவரது ஆட்டத்தின் சிறப்பாகப் போற்றப்பட்டது. 1986 ஆம் ஆண்டு ஜனவரி 24 ஆந் திகதி யப்பானின் மற்சுவே நகரிற் போட்டியொன்றின் நடுவே, ஆடுகளத்தை விட்டு வெளிவந்து அமர்ந்திருந்தவர் சரிந்து வீழ்ந்து மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 31. பிரேத பரிசோதனையே அவருக்கு மார்பான் நோய் இருந்ததையும் பெருநாடி சிதைந்ததையும் வெளிப்படுத்திற்று. உலகம் முழுவதும் கண்டு வியந்த உயரத்தை ஒரு நோயின் குறியாக எவரும் காணவில்லை. அவரது மரணத்தின் பின் குடும்பத்தினர் பரிசோதிக்கப்பட்டபோது சகோதரர் ஒருவரிடமும் அந்நோய் கண்டறியப்பட்டது. அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. குடும்பத்தை நோக்குதல் என்னும் மக்கியூசிக்கின் முறை ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பைபிரிலின் பற்றிய அறிவிப்பு வெளியானதும் அதே 1986 ஆம் ஆண்டிலாகும்.

பிற்கால ஆய்வுகள் பைபிரிலின் வெறும் தாங்குபொருள் அன்று என்றும், இழைய வளர்ச்சியைத் தூண்டும் காரணியொன்றைக் கட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பங்குண்டு என்றும் காட்டின. 2006 ஆம் ஆண்டில் லொசாட்டன் என்னும் மருந்து இந்நோயுடைய சுண்டெலிகளின் பெருநாடி விரிவைத் தடுத்தமை பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிற்று. ஆயின் 608 இளம் நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பழைய வகை மருந்தினும் சிறந்ததாகக் காணப்படவில்லை. வேறு ஆய்வுகள் அவ்வகை மருந்துகளுக்கும் ஓரளவு பயனுண்டு எனக் காட்டியமையால் அவை இன்று துணை மருந்தாகக் கொள்ளப்படுகின்றன. காரணத்தை அறிந்தவுடன் தீர்வு பிறந்துவிடும் என்னும் எண்ணத்தை இவ்வரலாறு ஆதரிக்கவில்லை.

இறந்தோரை நோயறிதல்

நோய் நன்கறியப்பட்டதும் வரலாற்று மாந்தரிடையே அதனைத் தேடும் ஆர்வமும் எழுந்தது. வயலின் மேதை பகனினியின் நீண்ட விரல்களும் வியத்தகு வாசிப்பும் இந்நோயின் பயனோ என 1978 ஆம் ஆண்டில் ஒருவர் எழுதினார். ஏலர்ஸ் டன்லொஸ் நோயே பொருந்தும் என வேறு சிலர் கூறினர்.

அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கனைப் பற்றிய விவாதம் இதனினும் நீண்டது. 6 அடி 4 அங்குல உயரமும் நீண்ட கைகால்களும் உடைய அவருக்கு இந்நோய் இருந்திருக்கலாம் என 1962 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் எழுதினார். 1964 ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் என்னும் மருத்துவர், தாம் கண்ட நோயாளச் சிறுவன் ஒருவன் லிங்கனின் பூட்டனாரின் தந்தையான இரண்டாம் மோர்டெக்காய் லிங்கனின் வழித்தோன்றல் எனக் காட்டினார். இவ்வாதம் கவர்ச்சியானது. எனினும் பரம்பரை விதிகளின்படியே இதனை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மோர்டெக்காயிடம் நோய் இருந்தது எனவே கொண்டாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் வாய்ப்பு அரைப்பங்காகக் குறையும். நான்கு முறை கடந்து அது லிங்கனை அடைவதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்றேயாகும். அச்சிறுவனுக்கு நோய் வேறு மூதாதையர் வழியாகவும் வந்திருக்கலாம். இளமையில் மற்போரிற் பெயர் பெற்று, ஐம்பத்தாறாவது வயதிற் துப்பாக்கிச் சூட்டினால் இறந்த லிங்கனிடம் இந்நோயின் மையக் குறிகளான கண்வில்லை விலகலோ பெருநாடிக் குறையோ இருந்தமைக்குச் சான்றில்லை. 2008 ஆம் ஆண்டில் வேறொருவர் முற்றிலும் வேறான பரம்பரை நோயொன்றை லிங்கனுக்கு உரியதாக்கி நூல் எழுதினார். பாதுகாக்கப்பட்டுள்ள அவரது எச்சங்களைப் பரிசோதிப்பது பற்றி 1991 ஆம் ஆண்டில் மக்கியூசிக்கின் தலைமையில் அறிஞர் குழுவொன்று கூடி ஆராய்ந்தது. எனினும் பரிசோதனை உடனே மேற்கொள்ளப்படவில்லை. உயரம் ஒன்றையே சான்றாகக் கொண்டு இறந்தோருக்கு நோய் கூறுதல், விரல்களை மாத்திரம் கண்டு நோயை வகுத்த பழைய நிலைக்கு மீள்வதாகும்.

முடிவுரை

இந்நோயை இனங்காணும் விதிகள் 1986 இல் பேர்லினிலும், 1996 இல் கெண்ட் நகரின் பெயராலும் வகுக்கப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் மீண்டும் திருத்தப்பட்டன. திருத்தப்பட்ட விதிகளிற் பெருநாடி அடிப்பகுதியின் விரிவுக்கும் கண்வில்லை விலகலுக்குமே முதன்மையிடம் தரப்பட்டுள்ளது. மக்கியூசிக் தமது வினாவில் இணைத்துக் கேட்ட இரண்டும் இவையே. மார்பான் கண்ட நீண்ட மெலிந்த என்புகளோ துணைக்குறிகளுள் ஒன்றாக ஒதுங்கிவிட்டன.

இதனால் மார்பானின் பெருமை குறைந்துவிடுவதில்லை. தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்தமையாலேயே, முக்கால் நூற்றாண்டின் பின்னர் வந்தவர்கள் அவரது எழுத்தைக் கொண்டே அவரது நோயாளரின் நோய் வேறு என ஐயுற முடிந்தது. செவ்விய பதிவு பிழையான முடிவுகளையும் கடந்து வாழும் என்பதற்கு இது சான்றாகும். ஆயின் இந்நோயின் அறிவு ஒருவரால் ஓராண்டிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கண் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இதய மருத்துவரும் புரத ஆய்வாளரும் தனித்தனியே கண்டவை ஒன்றாக வைத்து நோக்கப்பட்டபோதே நோய் முழுமையாகத் தெரிந்தது. அவ்வாறு ஒன்றாக வைத்து நோக்கும் பணி ஒவ்வொரு நோயாளரிடமும் இன்றும் புதிதாகச் செய்யப்படவேண்டியுள்ளது. விலகிய கண்வில்லையைக் காணும் மருத்துவர் பெருநாடியை அளக்கும்படி கூறுகின்றாரா, நெடிய உடலுடைய இளைஞனிடம் அவன் தந்தை எவ்வாறு இறந்தார் என எவரேனும் வினவுகின்றனரா என்பவற்றைப் பொறுத்தே அவனது ஆயுள் முப்பத்திரண்டோ எழுபத்திரண்டோ என்பது அமையக்கூடும்.